தென்னாப்பிரிக்காவில் வெளிநாட்டவர்மேல் தாக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜிம்பாப்வே, மொசாம்பிக், மலாவி, நைஜீரியா, சோமாலியா, எத்தியோப்பியா, வங்கதேசம், பாகிஸ்தான் என்று பல நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடித் தென்னாப்பிரிக்காவுக்குப் போனவர்களை அடிப்பதும், கடைகளைக் கொளுத்துவதும், கொல்வதும் பல வருடங்களாக அலை அலையாக நடந்துவருகிறது. ஒவ்வொரு முறை செய்தி வரும்போதும் தமிழில் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் எழுகின்றன, அவற்றில் பாதி அடித்தவர்களுக்கு வக்காலத்து வாங்குகிற மாதிரியே இருக்கின்றன. அதனால்தான் இந்தப் பக்கம். நடுநிலையாக எழுதுகிறேன் என்று சொல்லப்போவதில்லை. அங்கே பசி உண்மை, வேலையில்லாத் திண்டாட்டம் உண்மை. அதற்காகப் பக்கத்துக் குடிசையில் இருக்கும் மொசாம்பிக்காரரை எரிப்பதற்கு ஒரு துளி நியாயமும் கிடையாது.

இதுவரை என்னென்ன நடந்திருக்கிறது?

மிகப் பெரிய அலை 2008 மே மாதம். ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்சாண்ட்ரா டவுன்ஷிப்பில் (டவுன்ஷிப் என்பது நிறவெறிக் காலத்தில் கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கிய குடியிருப்புப் பகுதி) தொடங்கி, சில நாட்களில் கௌடெங் மாகாணம் முழுக்கப் பரவி, அப்புறம் டர்பன், கேப் டவுன் வரை போனது. 62 பேர் செத்தார்கள். பல்லாயிரம் பேர் காவல் நிலையங்களிலும் தேவாலயங்களிலும் கூடாரங்களிலும் தஞ்சம் புகுந்தார்கள். கடைசியில் ராணுவத்தை இறக்க வேண்டியிருந்தது.

2015 ஏப்ரலில் டர்பனைச் சுற்றி அடுத்த அலை. 2019 செப்டம்பரில் ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பகுதிகளில் கடைகளைச் சூறையாடினார்கள், நைஜீரியா தன் குடிமக்களை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனது. 2022 ஏப்ரலில் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய டீப்ஸ்லூட்டில் ஒரு கும்பல் வீடு வீடாகப் போய் அடையாள அட்டை கேட்டது, பணமும் கேட்டது, ஜிம்பாப்வேயைச் சேர்ந்த ஒரு தொழிலாளியை அடித்து எரித்துக் கொன்றது. இவையெல்லாம் தலைப்புச் செய்தியானவை. நடுவில் ஒரு கடை, ஒரு குடும்பம் என்று ஓசையில்லாமல் நடப்பவை எவ்வளவோ.

நாட்டின் பொருளாதாரம் நிஜமாகவே அவ்வளவு மோசமா?

ஆமாம், இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. வேலை தேடுபவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லை. 15 முதல் 24 வயது வரை உள்ளவர்களில் வேலையின்மை 60 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. வருமான ஏற்றத்தாழ்வில் உலகிலேயே மிக மோசமான நாடுகளில் ஒன்று. வேலை இல்லாதவர்களுக்கு அரசு தரும் துயர்நீக்க உதவித்தொகை மாதம் 370 ராண்ட், அதைவைத்து ஒரு ஆள் மாதம் முழுக்கச் சாப்பிட முடியாது. நிறவெறி ஆட்சி 1994-இல் ஒழிந்தபோது வீடு, வேலை, மின்சாரம் எல்லாம் வரும் என்று நம்பிக் காத்திருந்த தலைமுறையின் பிள்ளைகள் இன்னும் அதே தகரக் கொட்டகையில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய கோபத்தைக் கொச்சைப்படுத்துவது என் நோக்கமில்லை. அந்தக் கோபத்தை யார் எந்தப் பக்கம் திருப்பிவிடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

வெளியாட்கள் வந்து வேலையைப் பறிப்பதால்தானே இந்த நிலை?

2022 கணக்கெடுப்பின்படி 6 கோடியே 20 லட்சம் மக்களில் வெளிநாட்டில் பிறந்தவர்கள் சுமார் 24 லட்சம், அதாவது நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. கணக்கில் வராதவர்களையும் தாராளமாகச் சேர்த்துக்கொண்டாலும், நாட்டின் வேலையின்மைக்கு அவர்களைக் காரணம் காட்ட முடியாது. 1996 முதல் 2011 வரையிலான தரவுகளை வைத்து உலக வங்கி 2018-இல் வெளியிட்ட ஆய்வு, வேலை பார்க்கும் ஒவ்வொரு குடியேறியாலும் உள்ளூர்க்காரர்களுக்கு ஏறக்குறைய இரண்டு வேலைகள் உருவானதாகச் சொல்கிறது. டவுன்ஷிப்பில் ஸ்பாசா எனப்படும் சின்னக் கடை வைத்திருக்கும் சோமாலியர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர் வீட்டின் முன்பகுதியைத்தான் வாடகைக்கு எடுத்திருப்பார். பல வீடுகளில் நிச்சயமாக வரும் வருமானம் அந்த வாடகை ஒன்றுதான். கடையைக் கொளுத்தினால் அதுவும் சேர்ந்து போகிறது.

ஆனாலும் எல்லா இடத்திலும் உரசலே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2015-இல் டர்பனுக்குத் தெற்கே இசிபிங்கோவில் நடந்ததைப் பாருங்கள். ஒரு பேரங்காடியில் உள்ளூர்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், நிர்வாகம் அவர்கள் இடத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கியது, கோபம் அந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள்மேல் பாய்ந்தது, அங்கிருந்து தீ டர்பன் முழுக்கப் பரவியது. சம்பளத்தை உயர்த்த மறுத்தது யார், அதே வேலையை மலிவாக முடித்துக்கொண்டது யார், அடி வாங்கியது யார்? எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே அம்பை நோவதோடு நிற்கவில்லை, அதை எரித்தே விட்டார்கள். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நாட்டவர், அயல்நாட்டவர் எல்லாருக்கும் பொது. அதை முதலாளிகள்மேல் கறாராக அமல்படுத்தியிருந்தால், ஒருவரை வைத்து இன்னொருவரின் கூலியை அமுக்கும் வேலையே நடந்திருக்காது.

பசி முற்றினால் மனிதன் மிருகமாகிவிடுவான், இது இயல்புதானே?

இந்தக் கேள்விதான் என்னை அதிகம் கோபப்படுத்துகிறது, ஏனென்றால் ஏழைகளுக்குப் பரிந்து பேசுவதுபோல் ஆரம்பித்து அவர்களை மிருகம் என்று சொல்லி முடிக்கிறது. பசிதான் காரணம் என்றால் எல்லா ஏழைப் பகுதிகளும் எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை. 2008-இல் ஒரே அளவு வறுமை, ஒரே அளவு வெளிநாட்டவர் உள்ள இரண்டு அடுத்தடுத்த பகுதிகளில் ஒன்று எரிந்தது, இன்னொன்று அமைதியாக இருந்தது. விட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எரிந்த இடங்களுக்கும் எரியாத இடங்களுக்கும் நேரில் போய்ப் பார்த்துச் சொன்னது இதுதான்: வன்முறை நடந்த இடங்களில் அதைக் கூட்டிச் சேர்த்து நடத்திய ஆட்கள் இருந்தார்கள். பகுதித் தலைவராகத் துடிப்பவர், போட்டிக் கடை மூடினால் லாபம் பார்க்கும் உள்ளூர்க் கடைக்காரர், தெருக் கமிட்டியைக் கையில் வைத்திருப்பவர், இப்படி. முதலில் கூட்டம் போடுவார்கள், நாள் குறிப்பார்கள், அதற்குப் பிறகுதான் கல்.

இன்னொரு காரணம், தண்டனை இல்லாதது. 2008-இல் ராமபோசா என்ற பெயருள்ள குடிசைப் பகுதியில் மொசாம்பிக் தொழிலாளி ஒருவரை உயிரோடு எரித்தார்கள், அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. போலீஸ் 2010-இல் சாட்சிகள் இல்லை என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டது. 2015-இல் உள்ளூர்ப் பத்திரிகையாளர்கள் அதே இடத்துக்குப் போய் விசாரித்தபோது சாட்சிகள் அங்கேயே இருந்தார்கள்! உலகமே பார்த்த கொலைக்கே இந்தக் கதி என்றால், யாரும் படம் எடுக்காத கொலைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அடுத்த முறை கல்லை எடுப்பவனுக்கு இதைவிட வேறு என்ன தைரியம் வேண்டும்?

சட்டவிரோதமாக வந்தவர்களைத்தானே விரட்டுகிறார்கள்?

கும்பல் குடியுரிமை அதிகாரி இல்லை. 2008-இல் செத்த 62 பேரில் 21 பேர் தென்னாப்பிரிக்கக் குடிமக்கள். வழியில் மறித்து, முழங்கைக்கு ஜூலு மொழியில் என்ன என்று கேட்டு, பதில் சொல்லத் தெரியாதவர்களை அடித்தார்கள். அதே நாட்டில் பிறந்து ட்சோங்கா, வெண்டா பேசுகிறவர்களும் அப்படி மாட்டிக்கொண்டார்கள், நிறம் கொஞ்சம் கூடுதலாகக் கறுத்திருந்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். 2019-இல் செத்த 12 பேரில் 10 பேர் தென்னாப்பிரிக்கர்கள்தான்.

அப்புறம், ஆவணம் இல்லாதவர் எல்லாரும் வேலி தாண்டி வந்தவர் என்று நினைக்க வேண்டாம். ஜிம்பாப்வே மக்களுக்கு அரசே 2009-இலிருந்து தனிச் சலுகை அனுமதி கொடுத்தது, சுமார் 1,78,000 பேர் அதை நம்பி வீடு, பள்ளி, வேலை என்று வேரூன்றினார்கள். 2021-இல் திடீரென்று இனி இல்லை என்றது அதே அரசு. யாரையும் முறையாகக் கலந்துபேசாமல் எடுத்த அந்த முடிவு செல்லாது என்று 2023-இல் உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. யார் இருக்கலாம், யார் போக வேண்டும் என்று ஒரு நாடு விதி வைக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. அதை நிறைவேற்ற அதிகாரிகளும் நீதிமன்றமும் இருக்கின்றன. பெட்ரோல் டின் அந்தப் பட்டியலில் இல்லை.

மருத்துவமனைகளில் உள்ளூர் மக்களுக்கே இடமில்லையாமே?

2021-இல் ஜோகன்னஸ்பர்க்கின் சோவெட்டோ டவுன்ஷிப்பில் தொடங்கிய ‘ஆபரேஷன் டுடுலா’ என்ற இயக்கம் 2025-இல் பல அரசு மருத்துவமனைகளின் வாசலில் ஆட்களை நிறுத்தி, அடையாள அட்டை இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பியது. கர்ப்பிணிகளும், கைக்குழந்தையோடு வந்தவர்களும், தினம் மாத்திரை எடுத்தே ஆக வேண்டிய எச்ஐவி நோயாளிகளும் திரும்பிப் போனார்கள். அரசியல் சாசனத்தின் 27-ஆவது பிரிவு அவசரச் சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது. கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் எந்த நாட்டவரானாலும் இலவசச் சிகிச்சை உண்டு என்று 2023-இலேயே நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. கடைசியில் 2025 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க் உயர்நீதிமன்றம், ஆவணம் கேட்க அந்த இயக்கத்துக்கு எந்த அதிகாரமும் இல்லை என்று தடை போட்டது.

மருந்து இல்லை, படுக்கை இல்லை என்பதும் உண்மைதான். பணம் எங்கே போனது? கௌடெங் சுகாதாரத் துறையில் கணக்கு அதிகாரியாக இருந்த பபிதா தேவ்கரன், டெம்பிசா மருத்துவமனையில் கோடிக்கணக்கில் சந்தேகத்துக்குரிய பில்கள் போவதைக் கண்டுபிடித்து நிறுத்தச் சொன்னார். 2021 ஆகஸ்டில் அவரை வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். அந்த ஒரே மருத்துவமனையில் 200 கோடி ராண்டுக்கு மேல் சுருட்டப்பட்டதாகப் பிறகு சிறப்பு விசாரணைப் பிரிவு சொன்னது. டுடுலா ஆட்கள் வாசலில் மறிக்க வேண்டியவர்கள் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

வெளிநாட்டவர் கடைத் தின்பண்டத்தில் குழந்தைகள் செத்தார்களே?

செத்தார்கள், மனதை உலுக்கிய விஷயம் அது. 2024-இல் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள், சோவெட்டோவின் நலேடியில் மட்டும் ஒரே சமயத்தில் ஆறு பேர். காரணம் டெர்பூஃபோஸ் என்ற பூச்சிமருந்து. பண்ணைகளில் மட்டும், அதுவும் கட்டுப்பாட்டோடு பயன்படுத்த வேண்டிய மருந்து. அது ஏன் டவுன்ஷிப் தெருக்களில் பொட்டலம் பொட்டலமாக விற்கப்பட்டது? எலி. குப்பையை நகராட்சி அள்ளாததால் எலி பெருகியது, எலிக்குப் பயந்து சனங்கள் கையில் கிடைத்த விஷத்தை வாங்கினார்கள். வீட்டிலும் வைத்தார்கள், கடையிலும் வைத்தார்கள், உள்ளூர்க்காரர் கடையிலும் வைத்தார்கள். விற்பனையைக் கண்காணிக்க வேண்டியவர்களும் குப்பையை அள்ள வேண்டியவர்களும் கேள்வி கேட்பாரற்றுத் தப்பினார்கள், எத்தியோப்பியர்களும் சோமாலியர்களும் கடையை இழந்தார்கள். எல்லாக் கடைகளையும் 21 நாளில் பதிவு செய்யச் சொன்னது அரசு. பதிவு நல்லதுதான், ஆனால் அதனால் ஒரு எலிகூடக் குறையாது.

குற்றங்கள் அதிகமாவதற்கு அவர்கள் காரணமில்லையா?

குற்றம் செய்த வெளிநாட்டவர் இருக்கிறார்கள், அவர்களைப் பிடித்து வழக்குப் போட வேண்டும். செய்தவரைப் பிடிக்காமல் அவர் பிறந்த நாட்டுக்காரர்கள் எல்லாரையும் அடிப்பதற்கும் நீதிக்கும் சம்பந்தமில்லை.

தலைவர்கள் கண்டிக்கத்தானே செய்கிறார்கள்?

பிணம் விழுந்த பிறகு கண்டிக்கிறார்கள். 2015 மார்ச்சில் ஜூலு மன்னர் குட்வில் ஸ்வெலிதினி, வெளிநாட்டவர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பட்டும் என்ற பொருளில் பேசினார், சில வாரங்களில் டர்பன் பற்றி எரிந்தது. தன் பேச்சைத் தவறாக மொழிபெயர்த்துவிட்டார்கள் என்றார். மனித உரிமை ஆணையம் அந்தப் பேச்சு புண்படுத்துவது, ஆனால் சட்டப்படி வெறுப்புப் பேச்சு ஆகாது என்று முடித்துக்கொண்டது. 2022-இல் லிம்போபோ மாகாணச் சுகாதார அமைச்சர், கேமரா ஓட ஓட, படுக்கையில் கிடந்த ஜிம்பாப்வே நோயாளியிடம் உங்களால்தான் என் துறைக்குச் சுமை என்று கடிந்துகொண்டார். 2024-இல் அவர் அந்த மாகாணத்தின் முதல்வரே ஆனார்.

ஸ்டில்ஃபொன்டைன் என்ற சுரங்க ஊரில் நடந்தது இதைவிடக் கொடுமை. கைவிடப்பட்ட தங்கச் சுரங்கத்துக்குள் அனுமதியில்லாமல் தங்கம் தோண்ட இறங்கியிருந்த ஆட்களுக்கு உணவும் தண்ணீரும் போகாமல் மாதக்கணக்கில் போலீஸ் தடுத்தது, 2025 ஜனவரியில் மேலே கொண்டுவரப்பட்டவை 78 உடல்கள். பெரும்பாலும் மொசாம்பிக், ஜிம்பாப்வே, லெசோத்தோ ஆட்கள். 1886-இல் விட்வாட்டர்ஸ்ராண்டில் தங்கம் கிடைத்ததிலிருந்து அதே நாடுகளின் ஆண்கள்தான் அந்தச் சுரங்கங்களில் இறங்கினார்கள், நுரையீரலில் தூசியோடு ஊர் திரும்பிச் செத்தார்கள். ஜோகன்னஸ்பர்க் என்ற நகரமே அவர்கள் உழைப்பில்தான் எழுந்தது. நிறவெறிக்கு எதிரான போராட்டக் காலத்தில் தென்னாப்பிரிக்கப் போராளிகளுக்கு அடைக்கலம் கொடுத்ததற்காக அண்டை நாடுகள் நிறவெறி அரசின் ராணுவத்திடம் அடி வாங்கின: மொசாம்பிக்கில் மபூட்டோ பக்கத்து மடோலா, லெசோத்தோவின் மசேரு, போட்ஸ்வானாவின் கபரோனே. 1982-இல் மசேருவில் செத்த 42 பேரில் 12 பேர் லெசோத்தோ மக்கள். இதையெல்லாம் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தால்கூட பாதி வெறுப்பு கரைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இதில் தமிழர்களுக்கு என்ன சம்பந்தம்?

1860 நவம்பரில் சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் டர்பனில் கரைசேர்ந்தது, கரும்புத் தோட்டக் கூலிகளாக நம் ஆட்கள் அங்கே இறங்கினார்கள். ஒப்பந்தம் முடிந்தும் தங்கியவர்கள்மேல் ஆளுக்கு மூன்று பவுண்ட் வரி போட்டு விரட்டப் பார்த்தது டர்பன் அடங்கிய நேட்டால் காலனியின் அரசு. 1949 ஜனவரியில் டர்பனில் இந்தியர்கள்மேல் பெரும் தாக்குதல் நடந்தது. 142 பேர் இறந்தார்கள், இறந்தவர்களில் அதிகம் பேர் போலீஸ், ராணுவத் துப்பாக்கிக்குப் பலியான ஆப்பிரிக்கர்கள். டர்பனின் கேட்டோ மேனர் குடிசைப் பகுதியில் அடைந்துகிடந்த ஆப்பிரிக்கர்களுக்குக் கண்ணெதிரில் தெரிந்தது இந்தியக் கடைக்காரரும் வீட்டு உரிமையாளரும்தான். நிலத்தையும் சட்டத்தையும் கையில் வைத்திருந்த வெள்ளை அரசு அவர்கள் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அடுத்த வருடமே இன வாரியாகக் குடியிருப்பைப் பிரிக்கும் சட்டம் வந்தது.

நாம் எப்போதும் அடிபட்ட பக்கம் மட்டும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2021 ஜூலைக் கலவரத்தில், டர்பன் பக்கத்தில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் 36 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள். தற்காப்பு என்று தடுப்பு போட்டு நின்றவர்கள் வழியில் போன அப்பாவிகளைத் தோலின் நிறத்தை வைத்து நிறுத்தி அடித்தார்கள், சுட்டார்கள். அதற்கும் இதே கண்டனம்தான். 2015-இல் விரட்டப்பட்ட மலாவி, காங்கோ குடும்பங்களுக்கான கூடாரங்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில், அந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் நம் ஆட்கள் குடியமர்த்தப்பட்ட ஊரிலேயே, போடப்பட்டன. அந்த வன்முறையை விசாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண்மணி, ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்த நவி பிள்ளை.

எல்லாரையும் வெளியேற்றிவிட்டால் பிரச்சினை தீருமா?

ஆப்பிரிக்காவிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். கானா 1969-இல் நைஜீரியர் உள்ளிட்ட வெளிநாட்டவரை விரட்டியது. எண்ணெய் விலை சரிந்த நேரத்தில், 1983-இல், நைஜீரியா கானாக்காரர்கள் உட்படச் சுமார் 20 லட்சம் பேரை விரட்டியது. உகாண்டாவில் இடி அமீன் 1972-இல் ஆசியர்களுக்கு 90 நாள் கெடு வைத்தார். மூன்று நாடுகளிலும் அடுத்து வந்தது செழிப்பு இல்லை.

அங்கே யாரும் எதிர்த்து நிற்கவில்லையா?

நிற்கிறார்கள், அதிலும் பரம ஏழைகள்தான் முன்னால் நிற்கிறார்கள். டர்பனின் குடிசைவாழ் மக்கள் இயக்கமான அபாஷ்லாலி பாசெம்ஜோண்டோலோ 2008-இலேயே, எரிந்துகொண்டிருந்த நாட்களிலேயே, வெளிநாட்டவர் பக்கம் நின்றது. வீடும் தண்ணீரும் தராத அரசிடம் சண்டை போடு, பக்கத்துக் குடிசைக்காரனிடம் போடாதே என்பது அவர்கள் நிலைப்பாடு. ஜோகன்னஸ்பர்க்கின் மத்திய மெதடிஸ்ட் தேவாலயம் ஆயிரக்கணக்கான ஜிம்பாப்வே மக்களுக்குப் படிக்கட்டில்கூடப் படுக்க இடம் கொடுத்தது. டுடுலாவுக்கு எதிரான வழக்கைப் போட்டு வென்றவை உள்ளூர் மக்கள் அமைப்புகள். பசி வந்தால் மனிதன் மிருகமாகிவிடுவான் என்பவர்கள் இவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை பேச வேண்டும்.

தாக்குதல் வீடியோக்கள் வருகின்றன, பகிரலாமா?

எந்த இடம், எந்த நாள், முதலில் யார் போட்டது என்று தெரியாமல் பகிராதீர்கள். 2019-இல் எரியும் கட்டடத்திலிருந்து ஆட்கள் குதிக்கும் ஒரு வீடியோ, தென்னாப்பிரிக்காவில் நைஜீரியர்களுக்கு நடப்பது என்று பரவியது. அது குஜராத்தின் சூரத்தில் நடந்த தீ விபத்து. அப்படிப்பட்ட வீடியோக்களைப் பார்த்த கோபத்தில் நைஜீரியாவில் தென்னாப்பிரிக்க நிறுவனங்களின் கடைகளைத் தாக்கினார்கள், அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் நைஜீரியர்கள். உண்மையான வீடியோ என்றால், தப்பித்தவர்களின் முகமும் வீடும் தெரியாதபடி மறைத்துவிட்டு அனுப்புங்கள். அவர்கள் மறுநாளும் அதே தெருவில்தான் நடக்க வேண்டும்.